துத்தநாகத்தின் வக்கீல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்தில் ராத்தாவைப் பார்த்துக் கொஞ்சம் கலங்கிப் போவார்கள். காலையில் கோப்பிக் குவளையோடு வந்து நின்று, “அவருக்கு நேத்து பசி ஜாஸ்தி. ராத்திரி பூரா உக்காந்து தின்னுருக்கார். இன்னைக்கு எதைக் குடுக்கறதுன்னே தெரியல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சார், மேடம் வீட்டுக்காரருக்கு ஏதாவது வியாதியா?” என்று கேட்டாள். வீட்டுக்காரர் நன்றாகத்தான் இருக்கிறார், ராத்தா சொல்வது உருகிய துத்தநாகத்தை என்று விளக்கினேன். அந்தப் பெண்ணுக்குப் பயம் இன்னும் கூடியது என்றுதான் நினைக்கிறேன்.

ராத்தா என்பது அவர் பெயர் இல்லை. ஒருநாள் மறந்துவிட்ட சாவியைக் கொடுக்க அவர் தம்பி சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் எங்கள் ஆய்வுக்கூடம் இருக்கும் துவாஸ் வரைக்கும் வந்தான். வாசலில் நின்று “ராத்தா!” என்று கூப்பிட்டான். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சீனக் கிழவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், அவரைக் கிண்டல் செய்ததற்கு என் பக்கத்து நியாயங்களை அவரே அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

அவருடைய குணமே அதுதான். எந்தத் தகராறிலும் எதிராளிக்காகப் பேசுவார்.

ஒரு சனிக்கிழமை நானும் ராத்தாவும் அவர் கணவரும் தேக்கா உணவங்காடியில் பிரியாணிக்கு வரிசையில் நின்றிருந்தோம். தலையில் ஹெல்மெட்டோடு ஒருவர் நேராக வந்து என் முன்னால் நுழைந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “ஹலோ பிரதர், வரிசை அங்க இருக்கு லா” என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் ராத்தா முந்திக்கொண்டார்.

“தம்பி, அவர் பக்கமும் யோசிச்சுப் பாருங்க. ஹெல்மெட்டைக் கழட்டக்கூட நேரமில்ல. சாப்பாடு டெலிவரி பண்றவரா இருக்கும். லேட்டாப் போனா எங்கேயோ யாரோ அவரைத் திட்டுவாங்க.”

அந்த மனிதர் நேர்மையானவர். “இல்லக்கா, நான் எனக்குத்தான் டபாவ் பண்ண வந்தேன்” என்றார். டபாவ் என்றால் எங்கள் ஊரில் பார்சல்.

“பாருங்க, அவருக்கும் பசி!” என்றார் ராத்தா வெற்றியோடு. அந்த ஆள் பார்சலை வாங்கிக்கொண்டு போகும்போது ராத்தாவுக்கு நன்றி சொல்லிவிட்டு என்னை முறைத்துவிட்டுப் போனார்.

செங்காங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரர்கள் விடிவதற்குள் உரலில் சம்பலுக்கு மிளகாய் இடிப்பார்கள். என் கட்டிலுக்கு நேர் மேலே. ராத்தாவிடம் புலம்பினேன். ஆறுதல் கேட்டுப் புலம்ப வேறு ஆளில்லாமல் அவரிடமா போவேன்? என் புத்தியைச் சொல்ல வேண்டும். “வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்குச் சமைச்சு வெச்சுட்டுப் போறாங்க போல. சரி, நீங்க சாயங்காலம் ஸ்பீக்கர்ல பாட்டுப் போடறீங்களே, அவங்க என்னைக்காவது வந்து ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்றார். அன்று மாலை ஒரு பெட்டி லட்டோடு மேல்மாடிக்குப் போய் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். புகார் கொடுக்கக் கிளம்பியவன் நான்! அந்த அம்மா ஒரு கிண்ணம் சம்பல் கொடுத்தனுப்பினார். நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.

அவர் கணவர் லிட்டில் இந்தியாவில் பட்டன், ஜிப், லேஸ் விற்கும் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். சாதுவான மனிதர். “வீட்டுல எப்படி சமாளிக்கிறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எல்லாச் சண்டையிலயும் நான்தான் ஜெயிப்பேன்” என்றார் அவர் சோகமாக. “அதான் கஷ்டம். நான் சொல்ல வந்ததை என்னைவிட நல்லா அவளே சொல்லிடுவா. அப்புறம் இந்தக் கோபத்தை நான் எங்க கொண்டுபோய் வெக்கிறது?”

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் நிறுவனம் துத்தநாகத்தோடு போர் தொடுக்கும் வேலையைக் கொடுத்திருந்தது.

போர் என்னவென்று சொல்லிவிடுகிறேன். விளக்குக் கம்பம், கைப்பிடிக் கிராதி போன்ற இரும்புச் சாமான்களுக்குத் துரு பிடிக்காமல் இருக்க உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தொட்டியின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க அதற்குள் எந்நேரமும் ஒரு வெப்பமானி நிற்க வேண்டும். அதைக் காப்பாற்ற ஓர் உறைக்குழாய் வேண்டும். கொஞ்ச நேரம் முக்கி எடுத்த இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றுகிற அதே துத்தநாகம், கூடவே நிற்கிற இரும்பைக் கரைத்துத் தின்றுவிடும். சாதாரண எஃகுக் குழாய் சீக்கிரமே சல்லடையாகிவிடும். இரும்போடு போரானைச் சேர்த்து வார்த்தால் துத்தநாகத்தால் சுலபத்தில் கடிக்க முடியாது என்பது தொழிலில் தெரிந்த சங்கதி. அந்தக் கலவையில் ஒழுங்கான குழாய் ஒன்றை வார்த்தெடுப்பதுதான் எங்கள் பாடு. ராத்தா ஆராய்ச்சி, நான் வார்ப்பு.

என் கட்சி எளிமையானது. போரானைக் கூட்டு. கூட்டக் கூட்டக் கடினம். கடினமானதை யார் தின்ன முடியும்? அப்படியே வார்த்தேன். தொட்டிக்குள் இறக்கிய மாத்திரத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். சுடுதண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளர் மாதிரிக் குழாய் இரண்டாகப் பிளந்தது. துத்தநாகம் அதைத் தின்னவில்லை என்பது உண்மைதான். அதுவரைக்கும் நான் ஜெயித்துவிட்டேன், குழாய்தான் இல்லை.

“நீங்க மதில் கட்டறீங்க தம்பி” என்றார் ராத்தா. “அவர் பக்கம் நின்னு பாருங்க. அவருக்கு இரும்பு வேணும். ஒன்னுமே குடுக்க மாட்டேன்னா எப்படி? கொஞ்சம் தின்னட்டும். தின்னதை எடுத்துட்டுப் போக மட்டும் விடக்கூடாது.”

“விருந்து வெச்சு வாசலைப் பூட்டறதா?”

“ஆங், அதேதான்!”

நான் கிண்டலுக்குச் சொன்னேன். அவர் நிஜமாகவே அதைச் செய்தார். போரான் சேர்ந்த இரும்பைப் நுண்ணோக்கியில் பார்த்தால், மெத்தென்ற இரும்புக்குள் கடினமான ஊசிகள் பரவியிருப்பது தெரியும். ஊசிகள் படுத்துக் கிடந்தால் துத்தநாகம் அடியிலிருக்கும் மெத்திரும்பைத் தின்று, ஊசிகளைப் பாயைச் சுருட்டுவதுபோல் பெயர்த்துக்கொண்டு போய்விடும். ஊசிகள் சீப்பின் பற்களைப்போல் துத்தநாகத்தைப் பார்த்து நின்றால், அது இடுக்குக்குள் நுழைந்து கொஞ்சம் தின்னும். ஆனால் தின்றதால் உண்டாகும் கசடு அந்த இடுக்கிலேயே மாட்டிக்கொண்டு பின்னால் வரும் துத்தநாகத்துக்கு வழியை அடைத்துவிடும். ஊசிகள் உடையாமலிருக்கக் கொஞ்சம் குரோமியம். மெத்திரும்பு இருப்பதால் குழாயும் பிளக்காது.

ஊசிகளை எப்படி நிற்க வைப்பது? குளிர்ந்த இரும்பு அச்சுக்குள் கலவையை ஊற்றினால், குளிர்ந்த சுவரிலிருந்து உள்நோக்கி நேர்நேராக வளரும். சுவரை விட்டுத் தள்ளிப் போகப்போகத் தாறுமாறாகிவிடும். அதனால் குழாயின் வெளித்தோல்தான் உயிர். அச்சிலிருந்து வரும்போது அந்தத் தோல் பார்க்கச் சகிக்காது, சொரசொரவென்று இருக்கும். சின்னத் துண்டுகளைத் துத்தநாகத்தில் தொங்கவிட்டுச் சோதித்தோம். நாள் போய்க்கொண்டே இருந்தது, துண்டுகள் அப்படியே இருந்தன. நான் ஆய்வுக்கூடத்தில் குதித்தேன். “எப்படி ராத்தா கண்டுபிடிச்சீங்க?” என்றேன்.

“நான் எங்க கண்டுபிடிச்சேன். அவர் சொன்னார், கேட்டுக்கிட்டேன்” என்றார்.

ஜூரோங்கில் ஒரு முலாம் ஆலை ஊசிகள் நிற்கும் எங்கள் முதல் குழாயைத் தொட்டியில் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. அது நின்றால் இந்த வேலை தொடரும். நிற்காவிட்டால் போரானுக்கு முழுக்கு என்று எங்கள் முதலாளி சொல்லியிருந்தார். அவரை எல்லோரும் பாஸ் என்போம். சீனர், உழைப்பாளி, நல்ல மனிதர். ஒரே ஒரு பலவீனம், அவருக்கு எல்லாம் மின்ன வேண்டும். காலணி, கார், கண்ணாடிக் கதவு எல்லாவற்றிலும் முகம் தெரிய வேண்டும். வாடிக்கையாளருக்குப் போகிற சாமான் இவ்வளவு அசிங்கமாகவா போகும் என்று, எங்கள் இருவரிடமும் சொல்லாமல் குழாயைச் சாணை பிடிக்க அனுப்பிவிட்டார். வார்ப்புத் தொழிலில் இது நியாயமான பழக்கம்தான். எதை வார்த்தாலும் மேலே தேய்த்து அழகாக்கித்தான் அனுப்புவோம். குழாய் வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி ஜூரோங்குக்குப் போனது. நின்ற ஊசிகளெல்லாம் சாணைப் பொடியாகக் குப்பைத் தொட்டிக்குப் போயின.

சீக்கிரமே குழாய் திரும்பி வந்தது. ஓட்டை விழுந்திருந்தது. ராத்தா ஒரு துண்டு வெட்டிப் பார்த்தார், நானும் பார்த்தேன். வெளிப்பக்கத்தில் ஊசி ஒன்றுகூட நிற்கவில்லை, எல்லாம் தாறுமாறாகக் கிடந்தன. பாஸிடம் போய்ச் சொன்னோம். அவர் முகம் சிவந்தது. இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். ஆலைக்காரர்கள் தொட்டியை அதிகச் சூட்டில் வைத்துவிட்டார்கள் என்று சொல்லுவோம், சத்தமில்லாமல் இன்னொரு குழாய் கொடுப்போம். பிறகு ராத்தாவைப் பார்த்து, “நீ மட்டும் நாளைக்கு வாயைத் திறக்காதே” என்றார். ராத்தா தலையாட்டினார். எனக்குத்தான் நம்பிக்கை இல்லை.

மறுநாள் கூட்டத்தில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன், தேவைப்பட்டால் காலை மிதிப்பதற்கு. எங்கள் கூட்டங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும், இங்கே தமிழில் சொல்கிறேன். ஆலையின் மேலாளர் கண்டிப்பான மலாய்க்காரர். ஓட்டைக் குழாயை மேசையில் வைத்துவிட்டு, எங்கள் வேலையைப் பற்றி நாலு வார்த்தை நறுக்கென்று சொன்னார். பாஸ் தொட்டிச் சூட்டைப் பற்றி ஆரம்பித்தார். மேலாளர் தன் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்றார். தொட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லுங்கள் என்றார் பாஸ். ராத்தா நெளிந்தார். நான் காலை மிதித்தேன். இன்னொரு முறை மிதித்தேன்.

“அவங்க பக்கமும் யோசிச்சுப் பார்க்கணும் பாஸ்” என்றார் ராத்தா.

போச்சு! சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை நேரில் பார்த்தேன். சூட்டில் தப்பில்லை, தொட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆள் மீது தப்பில்லை, குழாயின் தோல் போய்விட்டது, சாணை பிடித்தது நாங்கள்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “எங்க பாஸ் பக்கமும் பாருங்க. சொரசொரன்னு ஒரு சாமானைக் குடுத்தா நீங்களே வாங்கியிருப்பீங்களா?” என்று அவருக்காகவும் வாதாடினார். பாஸுக்கு அதுதான் தாங்கவில்லை.

மேலாளர் குழாயை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரமே பாஸ் ராத்தாவைப் போரான் வேலையிலிருந்து எடுத்து, கப்பல் பட்டறைக்கு வெல்டிங் பார்க்க அனுப்பினார். வெயிலில் ஏணி ஏறி இறங்கும் வேலை. போரான் கலவை அலமாரிக்குள் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. பாஸோடு சண்டை போடக் கிளம்பினேன். என்னை வழியிலேயே மறித்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

“அவர் பக்கமும் யோசிங்க தம்பி. வெளியாள் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. இந்தக் கம்பெனியில எத்தனை குடும்பம் சாப்பிடுது. அவருக்கு எவ்வளவு பாரம் இருக்கும்.”

எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். “சும்மா இருங்க ராத்தா! ஜிங்க்குக்குப் பேசறீங்க, பாஸுக்குப் பேசறீங்க, தொட்டிக்காரனுக்குப் பேசறீங்க. உங்க பக்கம் யார் பேசறது?”

ராத்தா வாயைத் திறந்தார். வழக்கமாக எதிராளியின் நியாயங்கள் வரிசையில் வந்து நிற்கும் அந்த வாயில் ஒன்றும் வரவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு ரொம்ப வலித்தது.

சில மாதம் கழித்து அவரே ஒரு சேதியோடு வந்தார். ஜூரோங் ஆலையிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கண்டிப்பான மேலாளர், தன் ஆளைப் பழியிலிருந்து காப்பாற்றிய பெண்மணியை மறக்கவில்லையாம். வழக்கப்படி ராத்தா எங்கள் நிறுவனத்துக்காக என்னிடம் ஒரு மணி நேரம் வாதாடினார், ஏன் போகக்கூடாது என்று. கடைசியில் அவர் கணவர்தான், “உன் பக்கம் ஜெயிக்கட்டும், ஒரு தடவையாவது என்னைத் தோக்க விடு, போயிட்டு வா” என்று சொல்லி அனுப்பிவைத்தார். அலுவலகத்தில் பிரிவுபசாரத்துக்குக் கறிபஃப் வாங்கினோம். எதிர்க்கட்சிக்கே போய்விட்டார் என்று எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு முழுசாக வரவில்லை.

அவர் போன பிறகும் அலமாரியில் கிடந்த அந்தக் கலவை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பாஸை நச்சரித்து நச்சரித்து இன்னொரு குழாய் வார்த்தேன். சாணைக்கல் பக்கமே கொண்டுபோகவில்லை. அவரும் மனம் மாறித்தான் இருந்தார், சொல்லிக்கொள்ளவில்லை. ஜூரோங் ஆலை அப்போது பீங்கான் உறைக்குப் போய்விடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஒரு கடைசி வாய்ப்புக் கேட்டு பாஸும் நானும் அங்கே போனோம். அவர்கள் மறுத்துவிட்டால் ராத்தாவின் கலவையை இனி யாரும் வார்க்கப்போவதில்லை.

மேசைக்கு அந்தப்பக்கம், மேலாளருக்குப் பக்கத்தில் ராத்தா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து ஆபீஸ் மரியாதையோடு தலையசைத்தார். நான் குழாயை எடுத்து வைத்தேன். சொரசொரவென்று, அடுப்படிக் கரண்டியைப்போல் கறுத்துக் கிடந்தது. மேலாளர் அதைப் புரட்டிப் பார்த்தார். போன தடவை மினுக்கிக் கொண்டுவந்து ஏமாற்றினீர்கள், இந்தத் தடவை துடைக்கக்கூட இல்லையா என்றார். பழைய பொய்யையும் நினைவுபடுத்தினார். பாஸ் தன் மின்னும் காலணியைப் பார்த்தார். மேலாளர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லையே.

“சார்” என்றார் ராத்தா தன் மேலாளரிடம், “அவங்க பக்கமும் யோசிச்சுப் பார்க்கணும்.”

அப்புறம் அவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். எங்களுக்காக அவ்வளவு நன்றாக நாங்களே பேசியதில்லை. சாணை பிடிக்கும் பழக்கம் எப்படி வந்தது, சொரசொரப்பு ஏன் அவலட்சணம் இல்லை, ஊசிகள் எப்படி நிற்கின்றன, பீங்கான் உறையில் சாமானைத் தூக்கும் கொக்கி ஒன்று இடித்தால் என்ன ஆகும், எல்லாம் சொன்னார். எங்கள் நிறுவனத்தில் இருந்த காலத்தில் ஒருநாளாவது இப்படிப் பேசியிருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம். மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

“ஒன்று சொல்லுங்கள். நீங்கள் யார் பக்கம்?”

ராத்தா திணறினார். எனக்கு அந்த முகம் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் மெல்லக் கையை நீட்டி, எங்கள் பக்கத்தில் இருந்த குழாயைத் தன்னருகே இழுத்துக்கொண்டார்.

“இது வேணும் சார்” என்றார். “இது நிக்கறதை நான் பார்க்கணும். இது நான் செஞ்சது.”

அந்தப் பெண்மணி ‘நான் செஞ்சது’ என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். எங்கள் பாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மேசையிலேயே வைத்தபடி மேலாளரிடம் சொன்னார்.

“அது உண்மைதான். செய்தது அவர். தோலை உரித்தது நான்.”

மேலாளர் ஆளைக் கூப்பிட்டுத் தொட்டியைத் திறக்கச் சொன்னார். குழாயை ராத்தாவே தூக்கிக்கொண்டு நடந்தார். தாருங்கள் என்று நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.